கொண்டல்சாமி ஆப்சென்ட்

இப்படி உட்காருங்க சார். அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். போன வருஷம் அதில் உட்கார்ந்து ஒரு தாசில்தார் கவிழ்ந்துவிட்டார். ரிட்டயர்டு தாசில்தார்தான், இருந்தாலும் விழும்போது தாசில்தார் மாதிரிதான் விழுந்தார்.

உங்களுக்கு இது முதல் வருஷமா? கேட்கவே வேண்டாம், முகத்திலேயே தெரிகிறது. பென்ஷன் புத்தகத்தை இப்படி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் முதல் வருஷம்தான். பயப்படாதீங்க. கருவூலத்துக்காரங்களுக்கு வேறொன்றும் வேண்டாம், நாம் உயிரோடு இருக்கிறோமா என்று பார்க்கணும். அந்தா, கண்ணாடி போட்ட பொண்ணு, அது பேரைக் கூப்பிடும். நீங்க எழுந்து நிற்கணும், போய் முகத்தைக் காட்டணும், அவ்வளவுதான். நிற்காவிட்டால் செத்துப்போனதாக எழுதிடுவாங்களா என்று கேட்கிறீங்களா? எழுத மாட்டாங்க. அடுத்த மாசம் பணம் வராது. இரண்டும் ஒன்றுதான்.

எனக்கு இதெல்லாம் பழக்கம் சார். ஒரு வருஷம் முழுக்க ஆள் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்க, பேர் மட்டும் செத்துக் கிடந்தது எனக்கு. சிரிக்காதீங்க. பொய் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. கோவில்பட்டியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்க. கேட்கும்போது என் பேரைச் சொல்லாமல் கேளுங்க.

பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்தேன். லேத்தில் நான் கடைந்த ஒரு வளையத்தைத்தான் எங்கள் பிரின்சிபால் தன் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை விரலில் போட்டார். தங்கம் இல்லையே என்று கடைசிவரை மாப்பிள்ளைக்குத் தெரியாது. சரி, அது வேறு கதை. நல்ல மார்க் வாங்கியதால் இன்ஜினியரிங் காலேஜில் நேராக இரண்டாம் வருஷத்தில் சீட் கொடுத்தார்கள். இப்போது லேட்டரல் என்கிறார்கள். அப்போது எங்களுக்கு ஒரே பேர்தான், ‘டிப்ளமா’. “ஏய் டிப்ளமா, தள்ளி உட்காரு.” “டிப்ளமா, அந்த சன்னலைச் சாத்து.” அப்படி.

எனக்கு உத்தரவு தாமதமாக வந்தது. போய்ச் சேரும்போது வகுப்பு தொடங்கி ஒரு மாதம் ஓடிவிட்டது. உள்ளே போனால் எல்லாரும் ஏற்கெனவே சொந்தக்காரர்கள். பெஞ்சுக்குப் பெஞ்சு கூட்டாளி, லேபுக்கு லேப் குழு, எல்லாம் போன வருஷமே பேசி முடிந்துவிட்டது. வாத்தியார் எந்தக் கணக்கைத் தொடங்கினாலும் “இதைத்தான் போன வருஷம் படிச்சீங்களே” என்றுதான் தொடங்குவார். பையன்கள் ஜோக் அடித்தால் அதுவும் போன வருஷ ஜோக். பாதியைச் சொல்வதற்குள் எல்லாரும் சிரித்து முடித்துவிடுவார்கள். எனக்கு மட்டும் அந்தப் போன வருஷம் நடக்கவே இல்லை சார். ரயில் கிளம்பிய பிறகு ஓடிப்போய்க் கடைசிப் பெட்டியில் ஏறினால், உள்ளே எல்லாரும் சாப்பிட்டு முடித்து இலையைச் சுருட்டிக்கொண்டிருந்த மாதிரி.

கடைசிப் பெஞ்சில் நாகர்கோவில் பையன் ஜெபசிங் பக்கத்தில் இடம் கிடைத்தது. அவன் பக்கத்தில் யாரும் உட்காராததால் கிடைத்தது. ஏன் உட்காரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அவன் வாயைத் திறந்தால் மூடமாட்டான்.

முதல் நாள். எங்கள் ஹெச்.ஓ.டி. பேராசிரியர் சம்பந்தமூர்த்தி உள்ளே வந்தார். வெள்ளைப் பேன்ட், வெள்ளைச் சட்டை. பேசினால் இங்கிலீஷ் மட்டும்தான், அதுவும் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. நான் படித்தது தமிழ் மீடியம். அவர் அட்டெண்டன்ஸ் எடுத்துக்கொண்டே வந்தார். கடைசிப் பேர், “பொன்னிருளன்.” பதில் இல்லை. இரண்டாம் தரம், “பொன்னிருளன்!” பதில் இல்லை. நிமிர்ந்து பார்த்தார். வகுப்பு முழுக்கத் தெரிந்த முகம், ஒரே ஒரு புது முகம். என்னைப் பார்த்துச் சடசடவென்று ஏதோ கேட்டார். எனக்குப் புரிந்தது ‘டிப்ளமா’ ஒன்றுதான். டிப்ளமாவா என்று கேட்கிறார் போல என்று எழுந்து தலையை ஆட்டினேன். நீங்களாக இருந்தாலும் ஆட்டியிருப்பீங்க. அவர் ஒரு கோடு போட்டுக்கொண்டு பாடத்தைத் தொடங்கிவிட்டார்.

வகுப்பு முடிந்ததும் ஜெபசிங் கேட்டான். “எடே பொன்னிருளா, ஊரு எது?”

“பொன்னிருளனா? நான் கொண்டல்சாமி.”

“பின்ன எதுக்குடே தலைய ஆட்டின?”

“டிப்ளமாவான்னுதான கேட்டாரு?”

“டிப்ளமாவில இருந்து வரவேண்டிய பொன்னிருளன் நீதானான்னு கேட்டாருடே! உனக்க பேரு இன்னும் ஆபீஸ்ல இருந்து வரல்ல. இப்பமே போய்ச் சொல்லிரு மக்கா. நாளைக்கானா புண்ணு மாதிரி சீப் பிடிச்சிரும்.”

இங்கிலீஷில் ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தான். அதை மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே ஹெச்.ஓ.டி. அறைக்குப் போனேன். கதவைத் தொட்டேனோ இல்லையோ, அவர் நிமிர்ந்து, நம்பினால் நம்புங்க, தமிழில் பேசினார்.

“வா பொன்னிருளன். டிப்ளமாவில் இருந்து வர்ற பையன்கள் முதல்ல மிரளத்தான் செய்வாங்க. போகப் போகச் சரியாயிடும். சாப்பிட்டியா?”

அந்தக் காலேஜில் கால் வைத்ததிலிருந்து என்னை யாரும் சாப்பிட்டியா என்று கேட்டதில்லை சார். நீங்களே சொல்லுங்க. சாப்பிட்டியா என்று கேட்கிற மனுஷனிடம், நீங்க விசாரிக்கிற ஆள் நான் இல்லை என்று எப்படிச் சொல்வது? “சாப்பிட்டேன் சார்” என்றேன். திரும்பி வந்துவிட்டேன். சாப்பிட்டிருக்கவும் இல்லை.

அடுத்த வாரம் ஆபீஸில் இருந்து என் பேர் வந்து சேர்ந்தது. அட்டெண்டன்ஸில் பொன்னிருளனுக்கு அடுத்து. முதலில் “பொன்னிருளன்” என்பார், நான் எழுந்து “பிரசன்ட் சார்” என்று உட்காருவேன். உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் “கொண்டல்சாமி” என்பார். அதே முகம் மறுபடியும் எழுந்தால் எப்படி இருக்கும்? அதனால் ஜெபசிங் பெஞ்சுக்கு அடியில் குனிந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு “பிரசன்ட் சார்” என்பான். வராதவனுக்குப் பக்கத்து ஆள் ப்ராக்ஸி கொடுப்பது எல்லாக் காலேஜிலும் உண்டு. வந்து உட்கார்ந்திருக்கிறவனுக்கே ப்ராக்ஸி கொடுத்தது உலகத்திலேயே எங்கள் பெஞ்சில்தான். பையன்களுக்கெல்லாம் விஷயம் தெரியும். ஒருத்தனும் காட்டிக் கொடுக்கவில்லை. என் மேல் பிரியம் என்று நினைக்காதீங்க. சினிமாவுக்குப் போகிற செலவு அவர்களுக்கு மிச்சம்.

ஒரு நாள் ஹெச்.ஓ.டி. தலைகளை எண்ணிவிட்டார். ஒரு தலை குறைந்தது.

“கொண்டல்சாமிக்குக் குரல் கொடுத்தது யார்?”

அவர் நேராக என்னிடம் வந்தார். “பொன்னிருளன், நீ பொய் சொல்ல மாட்டே. கொண்டல்சாமி இந்த வகுப்பில் இருக்கானா?”

என்ன கேள்வி சார் அது! பெரிய பெரிய சாமியார்கள் மலைக்குகையில் உட்கார்ந்து தன்னைத்தானே கேட்டுக்கொள்கிற கேள்வி. நான் என்ன பதில் சொல்வேன்? இருக்கான் என்றால் எங்கே என்பார். “தெரியலை சார்” என்றேன். அது பொய் இல்லை. அந்த நிமிஷத்தில் எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

அந்த பதில் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அன்றைக்கே என்னை, அதாவது பொன்னிருளனை, வகுப்புப் பிரதிநிதி ஆக்கினார். அவர் பேர் கூப்பிட்டு யாரும் எழாவிட்டால், எழுந்து ஆப்சென்ட் என்று சொல்கிற வேலை. அதன்பிறகு ஒவ்வொரு நாள் காலையிலும் என் வாயாலேயே நான் சொன்னேன் சார். “கொண்டல்சாமி ஆப்சென்ட் சார்.” சில நாள் அவர் தலையை ஆட்டிக்கொண்டு என்னிடமே அலுத்துக்கொள்வார். “என்ன பையன்யா அவன்? சீட்டை வாங்கிட்டு முகத்தைக்கூடக் காட்டலையே. பெத்தவங்க எவ்வளவு கஷ்டப்படுவாங்க?” நானும் “ஆமா சார், மோசமான பையன் சார்” என்பேன்.

எப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று நீங்க நினைப்பீங்க. சொல்லத்தான் இருந்தேன். தீபாவளிக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை என்று நாள்கூடக் குறித்தேன். அந்தத் திங்கட்கிழமைதான் சிவில் டிபார்ட்மெண்டில் ஒருத்தன் தன் அண்ணன் பேரில் பரீட்சை எழுதி மாட்டிக்கொண்டான். ஆள்மாறாட்டம். பிடித்ததே எங்கள் ஹெச்.ஓ.டி.தான். அன்றைக்கு வகுப்பில் மேஜையைத் தட்டிச் சொன்னார். “ஒருத்தன் பேரில் இன்னொருத்தன் நின்னா, அவன் படிப்பு அதோட முடிஞ்சுது. நானே முடிச்சு வைப்பேன்.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, “என்ன பொன்னிருளன்?” என்றார். “கரெக்ட் சார்” என்றேன்.

அப்புறம் எங்கே போய்ச் சொல்வது? சொன்னால் ஆள்மாறாட்டம், படிப்பே போச்சு. சொல்லாவிட்டால் கொண்டல்சாமிக்கு அட்டெண்டன்ஸ் இல்லை, பரீட்சை எழுத முடியாது, வருஷம் போச்சு. டெஸ்டில் கொண்டல்சாமிக்கு ஆப்சென்ட். நான் எழுதிய கிறுக்கலுக்குப் பொன்னிருளன் அறுபது மார்க் வாங்கினான். எனக்கு அவன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பொங்கலுக்கு ஹெச்.ஓ.டி. வீட்டில் அவனைக் கூப்பிட்டுச் சர்க்கரைப் பொங்கல் போட்டார்கள். நெய் ஒழுக ஒழுகச் சாப்பிட்டான் சார், அந்தப் பயல். என் வயிற்றில்தான்.

பொங்கல் முடிந்ததும் ஆபீஸில் இருந்து எங்கள் அப்பாவுக்கு நோட்டீஸ் போய்விட்டது. உங்கள் மகன் காலேஜுக்கே வரவில்லை என்று.

எங்கள் அப்பா நெடுஞ்சாலைத் துறையில் ரோடு ரோலர் ஓட்டினார். அப்போது எங்கள் காலேஜ் பக்கத்து ரோட்டில்தான் வேலை. அதைவிடுங்க, மனுஷன் நோட்டீஸைக் கையில் வாங்கினவர், அந்த ரோலரிலேயே கிளம்பி வந்துவிட்டார். சத்தியமாகச் சொல்கிறேன். வாட்ச்மேன் உள்ளே ரோடு போட வந்திருக்கிறார்கள் என்று நினைத்து இரண்டு கேட்டையும் திறந்துவிட்டு சல்யூட் அடித்தான். பிரின்சிபால் பல வருஷமாக ரோட்டுக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தவர், வெளியே வந்து அப்பாவுக்குக் கைகொடுத்தார். அப்பா காக்கிச் சட்டையும் தார்க்கறையுமாக இறங்கி, எம் மவன் கொண்டல்சாமி எங்கே என்று கேட்டதும்தான் அவர் முகம் தொங்கிப்போச்சு.

பியூன் வகுப்புக்கு வந்தான். “பொன்னிருளனை ஹெச்.ஓ.டி. கூப்பிடுறாரு.”

போனேன். அப்பா உட்காராமல் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். தோளில் துண்டு, கையில் ஒரு பொட்டலம்.

“பொன்னிருளன், இவர் கொண்டல்சாமியோட அப்பா” என்றார் ஹெச்.ஓ.டி. “நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறார். நீ சொல்லு. அவன் ஒரு நாளாவது வகுப்புக்கு வந்திருக்கானா?”

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அவர் ஹெச்.ஓ.டி.யைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

நல்ல வேளை, அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை சார். தார்ப் புகையில் நின்று நின்று கண் மங்கிவிட்டது அவருக்கு. அறையும் கொஞ்சம் இருட்டு. டியூப் லைட் எரிந்தது, இருந்தாலும் இருட்டு.

“தம்பி பேரு என்ன?” என்றார்.

“பொன்னிருளன்.”

“நல்ல பேரு.” பொட்டலத்தை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். “தாய் தகப்பன்லாம் சொகமா?”

“சொகந்தான்... ங்கய்யா.”

“பாருங்க” என்றார் ஹெச்.ஓ.டி., “இவனும் டிப்ளமாதான், உங்க பையனும் டிப்ளமாதான். இவன் எப்படி இருக்கான்! என் வகுப்பிலேயே நேர்மையான பையன்.”

“ஆமாங்கய்யா” என்றார் அப்பா. “இந்தப் பிள்ளையப் பெத்தவன் குடுத்து வச்சவன்.”

ஹெச்.ஓ.டி.க்குக் கண் கலங்கிவிட்டது. “பொன்னிருளன், ஐயாவை கேட் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வா” என்று சொல்லி, அவரும் வராந்தாவில் வந்து நின்றுகொண்டார்.

ரோலர் வேகம் உங்களுக்குத் தெரியுமே. அது ஓடுகிறது என்று அது சொன்னால்தான் உண்டு. அப்பா மேலே, நான் கீழே, பக்கத்திலேயே நடந்தேன். அந்த இரைச்சலில் கத்தித்தான் பேச முடியும். அதனால் அவர் சொன்னதெல்லாம் வராந்தா வரைக்கும் கேட்டது.

“தம்பி! எம் மவன் ஒருத்தன் இங்க படிக்கான்!”

“ஆமாங்கய்யா!”

“அவன் பயந்த பய! யாராச்சும் அதட்டிக் கேட்டா, என்ன ஏதுன்னு கேக்காம ஆமான்னு தலைய ஆட்டிருவான்! சின்னதுல வாத்தியாரு, நீதான மாங்கா களவாண்டதுன்னு கேட்டதுக்கு ஆமான்னுட்டான்! எங்க ஊர்ல மாமரமே கெடையாது!”

“அப்படியாங்கய்யா!”

“அவனப் பாத்தா, அப்பா வையலன்னு சொல்லு!”

பொட்டலத்தை நீட்டினார். சேவும் கடலைமிட்டாயும். “அவன்ட்ட குடு! அவன் வராட்டா நீயே தின்னுரு! எளைச்சுப் போயிருக்க!” என்றார். கொஞ்ச தூரம் போய் ரோலரை நிறுத்தினார். “அவனுக்கு எடது காதுல சீப் பிடிக்கும். தை மாச வாடை ஆகாது. துண்டு கட்டிக்கிடச் சொல்லு” என்று தோள் துண்டை எடுத்துக் குனிந்து என் தலையில் இறுக்கிக் கட்டிவிட்டார். பாருங்க, அவருக்கு அன்றைக்கு எவ்வளவு தடுமாற்றம் என்று. மகனுக்குக் கட்டவேண்டிய துண்டை ஊரான் பிள்ளை தலையில் கட்டிவிட்டுப் போகிறார்.

கேட் வந்தது. எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே சொன்னார்.

“அந்தப் பேரு நான் வச்சது தம்பி. அவன் பொறந்த அன்னைக்கு மழை ஊத்தி வேலை நின்னுபோச்சு. அதனாலதான் நான் வீட்ல இருந்தேன், அவன் மொகத்தப் பாத்தேன். இல்லாட்டா எங்கயோ ரோட்ல கெடந்துருப்பேன். அந்த மழைக்காகத்தான் கொண்டல்சாமின்னு வச்சேன். அந்தப் பேரக் கூப்புடும்போது ஒருத்தரும் எந்திரிக்கலன்னா கேக்கவே நல்லால்ல. ஒரு தடவையாச்சும் எந்திரிச்சு நிக்கச் சொல்லு.”

போய்விட்டார். அவர் சாகிற வரைக்கும் அந்த நாளைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அடையாளம் தெரிந்திருந்தால் கேட்காமல் இருந்திருப்பாரா சார்? நீங்களே சொல்லுங்க. தெரியவே இல்லை அவருக்கு.

மறுநாள் காலை. “பொன்னிருளன்.” “பிரசன்ட் சார்.” “கொண்டல்சாமி.” நான் எழுந்து நின்றேன்.

“உன்னைக் கூப்பிட்டாச்சு பொன்னிருளன், உட்காரு. நான் கூப்பிட்டது கொண்டல்சாமியை.”

“ஆமா சார்.”

நான் உட்காரவில்லை. பேச வேண்டியது தொண்டையில் உருண்டையாக நின்றுகொண்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“புரியுது. அந்த அப்பாவைப் பார்த்ததில் இருந்து உன் மனசு சரியில்லை. ஆனா அவனுக்காக நீ நிக்கக் கூடாதுப்பா. அவன் வந்தா அவனே நிப்பான்.” பிறகு வகுப்பைப் பார்த்து, “பாருங்க எல்லாரும். இதுக்குப் பேர்தான் மனுஷத்தன்மை” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். ஜெபசிங் பெஞ்சுக்கு அடியில் விழுந்து கிடந்தான். கொண்டல்சாமிக்கு ஆப்சென்ட் போட்டார்.

அதன்பிறகு தினமும் நின்றேன் சார். தினமும் “உட்காரு பொன்னிருளன்” என்றார். கைதட்டல் மட்டும் நின்றுபோனது.

வருஷக் கடைசியில் பொன்னிருளனுக்கு ஹால் டிக்கெட் வந்தது, கொண்டல்சாமிக்கு வரவில்லை. அவன் பேரில் போய் எழுத நான் என்ன பைத்தியமா? அன்றைக்குத்தான் முதல்முதலாக இரண்டு பேருமே ஆப்சென்ட். அசல் பொன்னிருளன் ரயில்வேயில் வேலை கிடைத்து அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லையாம். பிறகு தெரிந்தது. அவன் பேரை ஒரு வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். ஒரு நன்றி உண்டா அவனிடமிருந்து?

அடுத்த வருஷம் அதே இரண்டாம் வருஷத்தில் மறுபடியும் சேர்ந்தேன். என்னோடு இருந்தவர்கள் மேலே போய்விட்டார்கள். இப்போது உட்கார்ந்திருக்கிற பையன்களும் அவர்களுடைய போன வருஷத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் போன வருஷமும் எனக்கு நடக்கவில்லை. ஹெச்.ஓ.டி. வந்தார். “கொண்டல்சாமி” என்றார். எழுந்து நின்றேன்.

வெகு நேரம் பார்த்தார் சார்.

“பொன்னிருளன் எங்கே?”

“போயிட்டான் சார்.”

“நல்ல பையன்” என்றார். குனிந்து ஒரு கோடு போட்டார். பாடத்தைத் தொடங்கிவிட்டார். அந்தக் காலேஜை விட்டு வெளியே வருகிற வரைக்கும் ஒரு நாள்கூட என்னைச் சாப்பிட்டியா என்று அவர் கேட்கவில்லை.

இருங்க. என்ன பேர் கூப்பிடுது அந்தப் பொண்ணு? கொண்டல்சாமியா? இரண்டாம் தரமா? சார், ஒரு உபகாரம். இந்த இடத்தில் மட்டும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும், அன்றையிலிருந்து அப்படித்தான். ‘இருக்கார்’ என்று நீங்க ஒரு குரல் கொடுங்க. சத்தமாக. நிற்கிறதை நான் பார்த்துக்கொள்கிறேன்.